முள் நிற்கும் இடம்

சிராங்கூன் சாலைக் கதைகள் – 9

போன பகுதியைத் தமிழ் முரசின் அச்சுக்கூடத்தில் நிறுத்தியிருந்தோம். 1935இல் பிறந்து, கோ. சாரங்கபாணியின் கையில் வளர்ந்த அந்தத் தாளோடு காகிதத்தில் வந்த தமிழைப் பார்த்தாயிற்று. ஆனால் காகிதத் தமிழுக்கு எழுத்துக்கூட்டவாவது தெரிந்திருக்க வேண்டும். என் அப்பத்தாவுக்குத் தெரியாது. அவளுக்கு உலகம் முழுக்கக் காது வழியாகத்தான் வந்தது. இந்த வாரம் அந்தக் காதின் கதை.

அவள் விட்டுப்போன வானொலிப் பெட்டி என் மேசை மேல் இருக்கிறது. செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரிது. பேட்டரி மூடி எப்போதோ தொலைந்து, அதன் வேலையை இரண்டு ரப்பர் பேண்டுகள் பார்க்கின்றன. எண்கள் அச்சிட்ட கண்ணாடியின் மேல், 96க்கும் 98க்கும் நடுவில், ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறது. அம்மாவின் பொட்டு, அரக்கு நிறம். அப்பத்தாவுக்கு எண்ணும் படிக்க வராது. முள் பொட்டுக்கு நேரே நின்றால் தமிழ், அவ்வளவுதான் கணக்கு. ஒரு மயிரிழை இடப்பக்கம் போனால் 95.8, மாண்டரின். ஒரு மயிரிழை வலப்பக்கம் போனால் 97.2, அதுவும் மாண்டரின். நடுவில் 96.8. யாராவது மேசையைத் துடைக்கும்போது திருகு நகர்ந்துவிட்டால், "சீனன் வீட்டுக்குள்ள போயிட்டேன்டா, வெளிய கூட்டிட்டு வா" என்று அடுப்படியிலிருந்து கத்துவாள். இந்த ஊரில் தமிழின் இருப்பிடத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொன்னவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

வானொலியின் கதை சிராங்கூன் சாலையில் தொடங்கவில்லை. வடமேற்கே, தாம்சன் சாலைப் பக்கம் இருக்கும் ஒரு குன்றில் தொடங்குகிறது. சர் ஆண்ட்ரூ கால்டிகாட் என்ற காலனி அதிகாரியின் பெயரைச் சுமந்த கால்டிகாட் குன்று அது. 1937 மார்ச் 1ஆம் தேதி, பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகத்தின் நிலையத்தை ஆளுநர் ஷெண்டன் தாமஸ் அங்கே திறந்துவைத்தார். 1940இல் அரசாங்கம் அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. ஆங்கிலத்துக்கே முதலிடம். பெட்டி வைத்திருந்தவர்களும் பங்களாவாசிகள், பெரிய வணிகர்கள். மாட்டுக்கொட்டகைகளும் வைக்கோல் வண்டிகளுமாக இருந்த நம் தெருவுக்கும் அந்தக் குன்றுக்கும் இடையே ஐந்தாறு கிலோமீட்டர்தான் தூரம் என்றாலும், அப்போது அது லண்டனுக்குப் பக்கத்தில் இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

பழைய வானொலி என்றதும் எல்லோரும் பாட்டைத்தான் நினைக்கிறோம். அது அச்சத்தின் பெட்டியாக இருந்த காலமும் உண்டு. 1942 பிப்ரவரி 15இல் பிரிட்டிஷ் படைத்தலைவர் பெர்சிவல் சரணடைந்தபோது, கேத்தே கட்டடத்தின் உச்சியில் ஜப்பானியக் கொடி பறக்க வேண்டும் என்பதும் நிபந்தனைகளில் ஒன்று. 1939இல் திறந்த, ஊரின் மிக உயரமான கட்டடம் அது. டோபி காட்டில், எங்கள் தெருமுனைத் தேக்காவிலிருந்து காலாற நடந்துபோகும் தூரம். ஜப்பானியர்களின் பிரசாரத் துறை அங்கே குடியேறியது. வானொலிக்கு 'ஷோனான் ஹோஸோ க்யோகு' என்று பெயர். சிற்றலையில் வெளிநாட்டுச் செய்தி கேட்பது தலைபோகும் குற்றம். 1943 அக்டோபர் 10இல் தொடங்கிய கெம்பெய்தாய் (ஜப்பானிய ராணுவக் காவல்துறை) வேட்டையில் பிடிபட்டவர்களைத் துருவித் துருவிக் கேட்ட கேள்விகளில் ஒளித்து வைத்த வானொலிகளைப் பற்றியவையும் இருந்தன.

அதே கேத்தே கட்டடத்தில்தான் 1943 ஜூலை 4இல் சுபாஷ் சந்திர போஸ் இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். அக்டோபர் 21இல் ஆசாத் ஹிந்த் இடைக்கால அரசாங்கத்தை அறிவித்தார். அவர் இந்துஸ்தானியில் பேச, கூட்டத்துக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. திரண்டவர்களில் பெரும்பகுதி தோட்டத்திலிருந்தும் துறைமுகத்திலிருந்தும் வந்த தமிழர்கள். ஆசாத் ஹிந்த் வானொலியும் இங்கிருந்து தமிழில் பேசியது. ஒரு பேரரசு தன் தேவைக்காகக் கொண்டுவந்த பெட்டி, இன்னொரு பேரரசின் நிழலில், முதலாவதை விரட்டச் சொல்லித் தமிழில் முழங்கியிருக்கிறது. அந்தக் குரல்களைக் கேட்டவர்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள். கேட்டால் வாய் திறக்க மாட்டார்கள். "அதெல்லாம் எதுக்கு இப்ப" என்று வெற்றிலைப் பெட்டியைத் திறந்துவிடுவார்கள்.

போருக்குப் பின் 1946இல் ரேடியோ மலாயா. நான் தமிழ் வானொலி என்று சொல்வது உண்மையில் இங்கிருந்துதான் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் சிக்கல் என்ற ஊரில் 1908இல் பிறந்து, இளைஞராகக் கப்பலேறி வந்த ந. பழநிவேலு 1949இல் வானொலிக்குள் போனார். கவிதையும் நாடகமும் எழுதுகிற ஒருவர் மாதச் சம்பளத்துக்குத் தமிழ் எழுதிப் பிழைக்கலாம் என்பதே அன்றைக்குச் செய்தி. பத்திரிகையில் எழுதியவர்களுக்கு அந்தப் பாக்கியம் அவ்வளவாகக் கிடைக்கவில்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இந்த ஊரில் நாடகம் எழுதியவர்கள், நடித்தவர்கள், பாடியவர்கள் பலரையும் வளர்த்தது மேடை என்று சொல்வது வழக்கம். மேடை ஆண்டுக்கு நாலு முறை. வானொலி வாராவாரம். எழுதி எழுதிக் கை பழகுவதற்கு எது உதவும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

1959 ஜனவரியில் ரேடியோ மலாயா கோலாலம்பூருக்குப் போய்விட, 4ஆம் தேதி முதல் இங்கே ரேடியோ சிங்கப்பூரா. இரண்டு ஆண்டு கழித்து வந்த 12 பேச்சுகளை வயதானவர்கள் இன்னும் சொல்வார்கள். மலேசியாவோடு இணைவது பற்றி லீ குவான் இயூ 1961 செப்டம்பர் 13 முதல் அக்டோபர் 9 வரை வானொலியில் பேசியவை. ஆங்கிலம், மலாய், மாண்டரின் மூன்றிலும் அவரே பேசினார். தமிழிலும் சீன வட்டார மொழிகளிலும் மற்றவர்கள் வாசித்தார்கள். ஒரு மொழி முடிந்து அடுத்த மொழி தொடங்குவதற்குள் களைத்துப்போய் ஸ்டூடியோ தரையிலேயே அவர் படுத்துக்கிடந்ததாகவும், கண்ணாடிக்கு அந்தப்புறமிருந்து பார்த்த வானொலி ஊழியர் ஆளைக் காணாமல் பதறியதாகவும் அவருடைய நினைவுக்குறிப்பில் வருகிறது. எனக்கு அந்தத் தமிழ் வாசிப்பாளரை நினைத்துத்தான் ஆச்சரியம். பிரதமரின் கோபம், கிண்டல், மிரட்டல் எல்லாவற்றையும் நிதானமான செய்தித் தமிழில் எப்படிச் சொல்லியிருப்பார்? அதைக் கேட்ட என் அப்பா, "மனுஷன் நல்லா தமிழ் பேசுறாரேன்னு நெனச்சேன்" என்று ரொம்ப நாள் கழித்து ஒப்புக்கொண்டார். சேர்ந்தோம், பிரிந்தோம். 1965 ஆகஸ்ட் 9, காலை 10 மணிக்கு, பிரிந்த செய்தியும் வானொலியில்தான் வந்தது.

அப்போது நாங்கள் பஃபலோ ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தோம். (பஃபலோ ரோட்டுக்குப் பக்கத்துத் தெரு கெர்பாவ் ரோடு. மலாயில் கெர்பாவ் என்றாலும் எருமைதான். இரண்டு மொழியில் இரண்டு எருமைகளுக்கு நடுவே வளர்ந்தவன் நான்.) எங்களிடம் சொந்தப் பெட்டி கிடையாது. கீழே மளிகைக்கடையில் மர உடம்பு வால்வு ரேடியோ ஒன்று. திருகினால் உடனே பேசாது. உள்ளே ஆரஞ்சு நிறத்தில் ஏதோ கனன்று, சூடேறி, தொண்டையைச் செருமிக்கொண்டு பிறகுதான் பேசும். அதன் தலையில் கைவேலை செய்த துணி, துணி மேல் லட்சுமி படம், படத்துக்கு மல்லிகை. சாமிக்கு வைத்த பூ ரேடியோவுக்கும் சேர்த்துத்தான் என்று நான் நம்பியிருந்தேன்.

நாடகம் ஓடும்போதுதான் அப்பத்தாவுக்கு வெற்றிலை தீரும். என்னைத் துரத்துவாள். பெரிய துன்பமில்லை, வழியில் எல்லாக் கடையிலும் அதே நாடகம்தான். மளிகையில் மாமியார் கேள்வி கேட்டால், தையற்கடையில் மருமகள் பதில் சொல்வாள். ஆனால் தையற்கடைக்கும் வெற்றிலைக்கடைக்கும் நடுவே ஒரு சீனர் மரச்சாமான் கடையும் ஒரு கோப்பிக்கடையும் உண்டு. அந்த இருபது இருபத்தைந்து அடிக்கு நாடகம் காணாமல் போகும். ஓடிக் கடந்தால் மூன்று வசனம் போச்சு, நடந்து கடந்தால் ஆறு. திரும்பி வந்ததும் அப்பத்தா, "என்ன சொன்னா?" என்று கேட்பாள். அவளும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைச் சோதிப்பதற்காகக் கேட்பது. விட்டுப்போன ஆறு வசனத்தை நானே இட்டுக்கட்டிச் சொல்வேன். எழுத்தாளன் ஆனதற்கு வேறு பயிற்சி எதுவும் நான் எடுத்துக்கொள்ளவில்லை.

தமிழ்நாட்டில் என் வயதுக்காரர்களிடம் பழைய வானொலி பற்றிக் கேளுங்கள். சென்னை வானொலியைச் சொல்ல மாட்டார்கள். இலங்கை வானொலி என்பார்கள், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது என்று கண்கள் விரியும். காரணம் இருக்கிறது. 1952இல் தகவல் அமைச்சர் பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டை ஒதுக்கப் போக, நேயர்கள் கடல் தாண்டிக் கொழும்புக்குப் போய்விட்டார்கள். அவர்களைத் திருப்பிக் கூட்டிவரத்தான் 1957 அக்டோபர் 3இல் விவித பாரதி வந்தது. நமக்கு அந்தத் திருட்டுச் சுகம் கிடைக்கவில்லை. சினிமாப் பாட்டு, கர்நாடக சங்கீதம், செய்தி, நாடகம், பாலர் நிகழ்ச்சி எல்லாம் ஒரே வீட்டுச் சமையல். ஒரே நிலையம். பிடிக்காவிட்டால் போவதற்கு வேறு இடமில்லை. அதனாலேயே நம் ஏக்கத்தில் கொஞ்சம் உறவுக்காரத் தொனி இருக்கிறது. இலங்கை வானொலியைப் பற்றி அவர்கள் காதலியைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுவார்கள். நாம் நம் நிலையத்தை அத்தையைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுகிறோம். குறை சொல்வோம், விடவும் மாட்டோம்.

அறுபதுகளின் கடைசியில் தெருவில் பாதிப் பேர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளுக்குப் போகத் தொடங்கினார்கள். எங்களுக்குத் தோ பாயோவில் ஒன்பதாம் மாடி. லிஃப்டில் ஏற அப்பத்தா ஒரு வாரம் மறுத்தாள். ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான் வானொலியில் 'அடுக்குவீட்டு அண்ணாசாமி' ஓடியது. எழுதியவர் பி. கிருஷ்ணன். புதுமைப்பித்தன் மீதிருந்த பற்றினால் புதுமைதாசன் என்று பெயர் வைத்துக்கொண்டவர், வானொலியிலேயே வேலை பார்த்தவர், ஷேக்ஸ்பியரைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். 2008இல் அவருக்குக் கலாசாரப் பதக்கம் கிடைத்தது. அரசாங்கம் வீடு கொடுத்தது. அந்த வீட்டில் எப்படிக் குடியிருப்பது, மேல்வீட்டுக்காரரோடு எப்படிச் சமாளிப்பது என்பதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொடுக்க ஒரு அண்ணாசாமி தேவைப்பட்டார். அரசின் கொள்கையை நாடகமாக்குவது பெரும்பாலும் கசாயத்தில் சர்க்கரை போடுகிற வேலை, குடிக்க முடியாது. இதில் சர்க்கரைதான் நினைவில் நிற்கிறது. அதை எழுத்தின் வெற்றி என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அப்பத்தா எட்டாம் நாள் லிஃப்டில் ஏறியதற்கு அண்ணாசாமி காரணமா, மூட்டுவலி காரணமா என்பது குடும்பத்தில் இன்னும் தீராத வழக்கு.

தோ பாயோவில் எங்கள் காரிடார் ஒரு நீளமான காது. எங்கள் கதவிலிருந்து தமிழ். அடுத்த வீட்டுச் சுவரில் ரெடிஃப்யூஷன் பெட்டி. 1949இல் கம்பி வழியாக வந்த ஒலிபரப்பு அது. மாதச் சந்தா கட்டினால் போதும், முள்ளும் திருகும் வேண்டாம். அதில் கான்டனீஸ் கதைசொல்லி லீ தாய் சோ பேசத் தொடங்கினால் அந்த வீட்டுக் கிழவர் நாற்காலியைக் காரிடாருக்கே இழுத்துப் போட்டுக்கொள்வார். அவருக்கும் அப்பத்தாவுக்கும் பொதுவாக ஒரு சொல்கூடக் கிடையாது. அவர் சிரிக்கும் இடத்தில் இவளும் சிரிப்பாள். இவள் கண்ணைத் துடைத்தால் அவர் தன் பெட்டியின் சத்தத்தைக் குறைத்துவிடுவார்.

மாண்டரின் பேசுவோம் இயக்கம் 1979இல் தொடங்கியது. 1982க்குள் வட்டார மொழி நிகழ்ச்சிகள் அலையிலிருந்து போய்விட்டன. லீ தாய் சோவும் போனார். அந்தக் கிழவர் நாற்காலியை வெளியே போடுவதை நிறுத்திக்கொண்டார். ரெடிஃப்யூஷன் பெட்டி சுவரிலேயே ரொம்ப நாள் இருந்தது. 2012 ஏப்ரல் 30இல் அந்த நிறுவனமும் மூடியது. நம் ஏக்கத்தை அளந்து பார்க்க எனக்கு அந்த நாற்காலி உதவுகிறது. அவருடைய நிலையத்தை ஒருநாள் நிறுத்தினார்கள். நம்முடையதை யாரும் நிறுத்தவில்லை. நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று என்ற காப்பு இருந்ததால், இருபுறமும் மாண்டரின் சூழ்ந்திருந்தும் அந்த முள் நிற்க ஓர் இடம் எப்போதும் இருந்தது. உயிரோடு, பேசிக்கொண்டு, 24 மணி நேரமும் பாடிக்கொண்டு இருக்கும் ஒன்றுக்காக நாம் ஏங்குகிறோம். கொஞ்சம் விசித்திரம்தான்.

பெயர்கள் மட்டும் மாறிக்கொண்டே வந்தன. 1980இல் சிங்கப்பூர் ஒலிபரப்புக் கழகம் வந்தபோது ஆங்கிலம் 1, மலாய் 2, சீனம் 3, தமிழ் 4 என்று பள்ளிக்கூட வரிசை. நான்காம் எண் சீனர்களுக்கு ஆகாது என்பதால் நமக்குத் தள்ளிவிட்டார்கள் என்று அப்பா ஒரு கோட்பாடு வைத்திருந்தார். ஆதாரம் எதுவும் இல்லாத கோட்பாடு. பிறகு 'ஒலிக்களஞ்சியம்'. நாக்கை நன்றாக வளைத்துச் சொல்ல வேண்டிய பெயர், எனக்கு அதுவே பிடிக்கும். களஞ்சியம் என்ற சொல்லைப் புத்தகத்துக்கு வெளியே முதன்முதலில் கேட்ட பிள்ளைகள் இங்கே நிறையப் பேர். 1994இல் கழகம் கம்பெனிகளாகப் பிரிந்தது. பிறகு மீடியாகார்ப். களஞ்சியம் சுருங்கி 'ஒலி 96.8' ஆனது. இப்போது நடுவிலிருந்த புள்ளியும் போய் 'ஒலி 968'. எங்கள் தெருமுனைச் சந்தைக்கும் இப்படி நடந்தது. 1982இல் கட்டிய புதுக் கட்டடத்துக்குச் சூஜியாவ் நிலையம் என்று பெயர் வைத்தார்கள். தேக்கா என்பதன் மாண்டரின் உச்சரிப்பு அது. ஒருவர் வாயிலும் நுழையவில்லை. 2000இல் தேக்கா நிலையம் என்றே மாற்றினார்கள். வானொலிக்கு அந்தச் சிக்கலே வரவில்லை. எந்தப் பெயர் வைத்தாலும் நம் வீடுகளில் அது 'ரேடியோ'தான்.

இனி வானொலித் தமிழைப் பற்றிய பழைய வழக்குக்கு வருவோம். தமிழ் போய்விட்டது என்பது மூத்த நேயர்களின் குறை. அந்தக் காலத்து அறிவிப்பாளர் "அன்பு நெஞ்சங்களே" என்று தொடங்கினால் முதுகு தானாக நிமிரும். ழகரம் ழகரமாகவே வரும். இப்போது பக்கத்து வீட்டுப் பையன் வாசலில் நின்று பேசுவதுபோல் இருக்கிறதாம். நானும் இந்தக் கட்சியில் பல வருடம் இருந்தேன். எந்தப் பண்பலையைத் திருப்பினாலும், எந்த நாட்டில் திருப்பினாலும், "சாங்" என்ற சொல்லைக் கேட்டால் இன்னும் பல் கூசுகிறது. பாட்டு என்பதில் என்ன குறை கண்டார்கள்?

ஆனால் கட்சி மாறவைத்தது ஒரு கணக்கு. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 3.3 விழுக்காடு. 2020இல் 2.5. பத்து ஆண்டில் இவ்வளவு சரிவு. என் பேத்தி பள்ளியில் தமிழ் எழுதுவாள், தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்குவாள். வீட்டில் தண்ணீர் கேட்பது ஆங்கிலத்தில். மேடைத் தமிழ் அவளுக்கு ஏற்கனவே பாடப்புத்தகத்தில் கிடைக்கிறது. கிடைக்காதது வாசல் தமிழ். 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழுவும் இதைத்தான் சொன்னது: வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கும் இடம் கொடுங்கள். அப்போது ஊரில் பெரிய சண்டை. கொச்சையைப் பள்ளிக்கூடத்துக்குள் விடலாமா என்று கடிதம் எழுதியவர்களில் எனக்குத் தெரிந்தவர்களும் உண்டு. எங்கள் காலத்தில் வீடு முழுக்கப் பேச்சுத் தமிழ். செந்தமிழ் கேட்க வானொலிக்குப் போனோம். இவள் காலத்தில் வீட்டிலேயே பேச்சுத் தமிழ் வற்றிவிட்டது. அதைக் கேட்க வானொலிக்குப் போகிறாள். பெட்டி அதே வேலையைத்தான் செய்கிறது, வீட்டில் இல்லாததைக் கொடுக்கிறது. "சாங்" மட்டும் மன்னிக்க முடியாதது.

அப்படியானால் எதைத் தேடுகிறோம்? பழைய நாடகத்தின் ஒலிப்பதிவு ஒன்றை நண்பர் ஒருவர் எனக்கு அனுப்பினார். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு, அறைக் கதவைச் சாத்திவிட்டு, ஆசையோடு உட்கார்ந்தேன். அதே குரல்கள், அதே வசனங்கள். பத்து நிமிடத்தில் கழற்றிவிட்டேன். மாமியார் பேசியபோது தையல் எந்திரம் ஓடவில்லை. நடுவில் மரச்சாமான் கடை வரவில்லை. எல்லா வசனமும் ஒன்றுவிடாமல் கேட்டது. அது எனக்குத் தெரிந்த நாடகமே இல்லை.

2010களின் நடுவில் நிலையமும் குன்றிறங்கியது. 1937இலிருந்து ஒலிபரப்பின் மறுபெயராக இருந்த கால்டிகாட்டை விட்டு, புவன விஸ்தாப் பக்கம் ஒன்-நார்த்தில் கட்டிய கண்ணாடி மாளிகைக்கு மீடியாகார்ப் குடிபெயர்ந்தது. வண்டி வானொலிக்கு ஆண்டுக்கு 27 வெள்ளி உரிமக் கட்டணம் கட்டிய காலம் 2011லேயே முடிந்துவிட்டது. இப்போது ஒலி கைப்பேசியில் வருகிறது. துவாஸ் தங்குவிடுதியில் மேல் கட்டிலில் படுத்திருக்கும் மன்னார்குடிப் பையனின் காதிலும், சிட்னியில் குடியேறிய என் மகனின் காரிலும் அதே குரல் கேட்கிறது. அப்பத்தாவின் பொட்டு எட்டாத தூரம்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு தேக்காவுக்குப் போனேன். பேட்டரி மூடி எங்காவது கிடைக்குமா என்று பார்க்கத்தான். கிடைக்கவில்லை. "இதுக்கு மூடி கேக்குறதுக்கு, புதுப் பெட்டியே வாங்கிடலாம் அங்கிள்" என்றார்கள் இரண்டு கடையில். வெயிலுக்குப் பஃபலோ ரோட்டுப் பூக்கடை ஓரத்தில் ஐந்தடிப் பாதையில் ஒதுங்கினேன். மாலை கட்டிக்கொண்டிருந்த பெண் கைப்பேசியைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து ஒலி வைத்திருந்தார். என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "அது பாடுமா?" என்றார். திருகினேன். கொஞ்சம் இரைந்தது. முள்ளைப் பொட்டுக்கு நேரே கொண்டுவந்தேன். பாடியது.

ஆனால் ஏதோ தவறாக இருந்தது. பெட்டியில் பல்லவி, கைப்பேசியில் இன்னும் விளம்பரம். பெட்டியில் சரணம் வந்தபோதுதான் கைப்பேசியில் பல்லவி தொடங்கியது. ஒரே நிலையம், ஒரே பாட்டு, ஆனால் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு. காற்றில் வருவது நேரே வந்துவிடுகிறது. இணையத்தில் வருவது எங்கெங்கோ சுற்றி, துண்டு துண்டாகச் சேர்ந்து, சற்றுப் பிந்தி வருகிறது. பக்கத்துக் கடைக்காரர் காதில் அது இன்னும் எத்தனை நொடி பிந்தியோ.

அந்தப் பெண் நாரைப் பல்லில் கடித்தபடி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்க பெட்டி முந்துது அங்கிள்."

"ஆமாம்மா."

"அப்ப இதை நிப்பாட்டிடவா? டேட்டாவாவது மிச்சம்." கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். "மாலை முடியிற வரைக்கும் அத அங்கயே வைங்க. சத்தம் கொஞ்சம் கூட்டி."

ரப்பர் பேண்டு நழுவாமல் பிடித்துக்கொண்டு, பூக்கூடைக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்தேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று அந்த மாலைக்கு.

(அடுத்த வாரம்: கேசட் கடைகள்)